மூக்கணாங்கயிறு

சென்ற மாதம் எங்கள் காங்கேயத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேச என்னை அழைத்திருந்தார்கள். ‘செல்போனும் நம் குழந்தைகளும்’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் ஊரில் பெரிய மனிதர். தேங்காய்ப் பருப்புக் களம், எண்ணெய் ஆலை, பட்டியில் நாலு ஜோடி மாடு எல்லாம் உடையவர். “காங்கேயம் காளையானாலும் மூக்கணாங்கயிறு இல்லாம அடங்காதுங்க. பொட்டப் புள்ளைக்குப் போன் எதுக்குங்க? புடுங்கி அடுப்புல போடுங்க!” என்றார். பலத்த கைதட்டல். தாய்மார்கள் வரிசையில்தான் சத்தம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையன்களின் போனை என்ன செய்வதென்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

எனக்கு ஒதுக்கியது பத்து நிமிஷம். முன்னவர் அதிலும் பாதியைச் சாப்பிட்டுவிட்டார். மேடையில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். வீட்டுக்கு வந்து திட்டினால் மோர் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் மாட்டு விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். அந்தப் பெரியவருக்கு மாடு தெரியும். ஆனால் மாடு வளர்க்கிற முறையில் பாதியைத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. மானாவாரி மேய்ச்சல் நிலம்; கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ளே, சுற்றிலும் முள் கிளுவை வேலி. காலையில் மாட்டைக் கயிறில்லாமல் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் அது பாட்டுக்கு மேயும். கிளுவை உயிருள்ள வேலி. குச்சி நட்டு, தழைய விட்டு, பொக்கை விழுந்த இடத்தை அடைத்து வளர்க்க வேண்டும். கயிறு போடுவது ஒரு நாள் வேலை. வேலி வளர்ப்பது வருஷக் கணக்கில். நம்மவர்களுக்கு ஒரு நாள் வேலைதான் பிடித்திருக்கிறது.

உவமை போதும்; குழந்தைகள் மாடுகள் அல்ல. நடந்ததைப் பார்ப்போம்.

காங்கேயத்திலிருந்து பொள்ளாச்சி இரண்டு மணி நேரப் பிரயாணம். அங்கே 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி புகார் கொடுத்தாள். பேஸ்புக்கில் பழகியும் வேறு விதங்களில் அறிமுகமாகியும் பெண்களை நம்ப வைத்து, தனி இடங்களுக்கு அழைத்துப் போய், பலாத்காரம் செய்து, படம் எடுத்து, அந்தப் படத்தைக் காட்டி மிரட்டிக் கொண்டிருந்தது ஒரு கூட்டம். அந்தப் புகாருக்கு முன்னாலும் அது நடந்து கொண்டுதான் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலர். அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

கையில் ஒரு படத்தை வைத்திருப்பவனுக்கு என்ன பலம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். படம் அவனுடைய மூலதனம் அல்ல. ‘உன் அப்பனுக்குக் காட்டிவிடுவேன்’ என்கிற வாக்கியம்தான் மூலதனம். அந்த வாக்கியத்துக்கு விலை ஏற்றி வைத்திருப்பவர் யார்? அப்பாதான். ‘காட்டினால் காட்டு, என் தகப்பனார் என்னை அழைத்துக் கொண்டு நேரே போலீசுக்குப் போவார்’ என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிந்தால் அந்தப் படத்துக்குச் சந்தையில் காலணா பெறுமா? மிரட்டுகிறவன் எந்தப் பாங்கியிலும் கடன் வாங்கவில்லை. நம் வீட்டுப் பயத்தை முதலாகப் போட்டு, நம் வீட்டுப் பெண்ணிடமே வட்டி வசூல் செய்கிறான்.

செய்தி வெளியான பிறகு நாம் என்ன செய்தோம்? எனக்குத் தெரிந்த வீடுகளையே சொல்கிறேன். பெண்களின் போனைப் பிடுங்கினோம். ‘படித்தது போதும்’ என்றோம். அவசர அவசரமாக ஜாதகம் எடுத்தோம். வேறு ஏதோ வீட்டில் அந்த நேரத்திலும் மிரட்டலுக்கு உள்ளாகியிருந்த ஒரு பெண் அதைப் பார்த்து என்ன தெரிந்து கொண்டிருப்பாள்? சொன்னால் இதுதான் கிடைக்கும் என்று தெரிந்து கொண்டிருப்பாள். மிரட்டுகிறவனுக்கு நாம் செய்த உபகாரம் அது.

சர்க்கார் செய்த உபகாரம் வேறு. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். மாவட்டப் போலீஸ் அதிகாரி பத்திரிகையாளர் முன்னிலையில் அவள் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் அச்சாயிற்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக அவளுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள், யாரும் பிறழவில்லை. 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பெண்களின் நெஞ்சுரத்தில் கால் பங்கு நமக்கு இருந்திருந்தால், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜாதகத்தை எடுத்திருக்க மாட்டோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லக் கை கூசுகிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருத்தியின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி எவனோ பேஸ்புக்கில் போட்டான். தகப்பனார் புகார் கொடுத்தார். போலீசார் தாமதித்தார்கள், அதற்காகப் பிறகு மாவட்ட அதிகாரி மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்தப் பெண் உயிரோடு இல்லை. தான் எந்தத் தப்பும் செய்யவில்லை, தன்னை நம்ப வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். வீட்டார் நம்பவில்லை என்ற துயரமும் அதில் இருந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர்கள் பட்டது போதும். ஆனால் அந்த வேண்டுகோள் முகமறியாதவனுக்கு எழுதப்பட்டதல்ல, வீட்டுக்கு எழுதப்பட்டது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

‘அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா, பிள்ளைகளை அவிழ்த்து விட்டுவிடலாமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யார் அப்படிச் சொன்னது? ஆறு வயதுக் குழந்தை சோறு தின்ன வேண்டும் என்பதற்காகக் கையில் போனைத் திணிக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுப் போன்கள் எல்லாம் கூடத்து மேஜையில் கிடக்கட்டும்; அப்பாவின் போனும் சேர்த்துத்தான். முகம் தெரியாதவன் படம் கேட்டால் கொடுக்காதே என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லும்போதே, ‘ஒருவேளை கொடுத்துவிட்டால் உடனே என்னிடம் வா’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை.

சட்டங்கள் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயது நிறையாதவர்கள் இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் கணக்கு வைத்துக் கொள்ள முடியாது. நம் நாட்டில் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் தகப்பனார் போனில் ஏதாவது எண் வந்தால் அதைப் படித்துச் சொல்கிறவனே நம் பையன்தான். குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098, கணினிக் குற்றம் என்றால் 1930 என்று கூப்பிட எண்களும் இருக்கின்றன. எண்ணை அழுத்துவதற்கு முன் குழந்தை யாரிடமாவது வாயைத் திறந்தாக வேண்டுமே.

இனி என் கதை. 2019 மார்ச்சில் பொள்ளாச்சிக் காணொளித் துண்டு தமிழ்நாடு முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. காலையில் என்னோடு நடக்கிற ஸ்நேகிதர்களின் குழுவில், ‘கலிகாலம்’ என்ற அடைமொழியோடு ஒருவர் அதை அனுப்பினார். எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். நான் திறந்தேன். சில வினாடிகள் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டேன். மூடிவிட்டேன். யாருக்கும் அனுப்பவில்லை என்று என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை கூடப் பட்டுக் கொண்டேன். ஆனால் ‘இதை அழியுங்கள்’ என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் அதே மனிதர்களோடு நடந்தேன். மழை இல்லை என்று பேசிக் கொண்டோம்.

பச்சைக் குழந்தையைக் கூட ‘வாங்க சாமி, சாப்பிடுங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற சீமை இது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போடாமல் எங்களுக்குப் பேச வராது. அந்த மரியாதையெல்லாம் எதிரில் முகம் இருக்கும் வரைதான் என்பதை எங்கள் பிள்ளைகள் எங்கே கற்றார்கள் என்று தேடிக் கொண்டு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அரைப் பரீட்சை லீவுக்கு ஈரோட்டிலிருந்து என் மகளின் பெண் வந்திருந்தாள், ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் மத்தியானம் அருகில் வந்து உட்கார்ந்து, “அப்புச்சி, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்கல்ல?” என்றாள். நான் அவளை ஒரு தடவை கூட அடித்ததில்லை. இருந்தும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

அவள் வகுப்புப் பையன்கள் ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்து, கேட்ட படத்தைத் தானே வரைந்து தருகிற புதிய வித்தையில் கொடுத்து, எருமை உடம்பில் அவள் முகத்தை வைத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். கறுப்பு நிறம், பருத்த உடம்பு. அதுதான் அந்தப் பெண் செய்த குற்றம். நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். லீவுக்கு முந்திய வாரம் அவள் பள்ளிக்கூடமே வரவில்லை.

“நானும் ரெண்டு பேருக்கு அனுப்பிட்டேன், அப்புச்சி.”

அனுபவம், முதுமை, நாவலாசிரியன் என்கிற பட்டம் எல்லாம் இருந்து என்ன? கை நீட்டி அவள் போனை வெடுக்கென்று பிடுங்கினேன். கூட்டத்தில் கைதட்டல் வாங்கினவரும் நானும் ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போனைத் திருப்பிக் கொடுத்து, 2019-ல் நான் வாய் மூடி இருந்ததைச் சொன்னேன். பெரியவர்கள் குழந்தைகளிடம் தங்கள் தப்பைச் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அவள் வெகு நேரம் என்னைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, “அந்தத் தாத்தாக்கள்ட்ட இப்பவாச்சும் சொன்னீங்களா?” என்றாள். இல்லை என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் பெயரைச் சொன்னாள். தான் அனுப்பிய இருவரையும் அழிக்கச் சொல்லி எழுதினாள். பிறகு அந்தப் பெண்ணுக்கே எழுதினாள். எழுதியதை என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. லீவு முடிந்து ஈரோட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் பேசும்போது, பதில் வந்ததா என்று கேட்டேன். அந்தப் பெண் வகுப்புக்கு வருகிறாளாம், பேசுவதில்லையாம்.