தீவாந்தரம் போன பங்காளி

பல்லடம் பக்கம் யாரைக் கேட்டாலும் கூட்டம், குலதெய்வம், காணியூர் மூன்றையும் மூச்சு விடாமல் சொல்வார்கள். தீவாந்தர தண்டனை பெற்றுக் கப்பலேறிய பாட்டன் யாராவது உண்டா என்று கேளுங்கள். பேச்சு கறிக்கோழி விலைக்குத் தாவிவிடும்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் அங்கே ஏற்றி அனுப்பிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். ஒரு காலத்தில் அதை மூடி மறைத்த வாரிசுகள் இன்று கப்பல் பெயரோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

நம்மிடமும் கப்பல்கள் உண்டு. 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு அனுப்பப்பட்டவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இருந்தார். அரச குடும்பத்துப் பெயர், தப்பித்தது. பின்னாளில் களவுக்கும் கொலைக்கும் போன சாமானியர்களை யார் தேடினார்கள்? சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவர்ப் பூச்சுக்கு ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்றே பெயர். கட்டடத்தைப் படம் எடுத்து வரும் நம்மூர் சுற்றுலாக் கூட்டத்துக்கு இது தெரியாது.

கொலைகாரப் பாட்டனைக் கொண்டாடச் சொல்லவில்லை. வம்சாவளியில் விட்ட இடத்தை நிரப்பலாமே என்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நீதித்துறைக் கட்டுகள் இருக்கின்றன. கும்பாபிஷேக மலருக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் போதும், ஓர் ஆய்வு மாணவரை அங்கே உட்காரவைக்கலாம்.