மறைக்கிறாரா நாத்தனார்?

"நாத்தனார் வாட்ஸப்புக்குக் கடைசியாக வந்த நேரம் நேற்றுவரை தெரிந்தது, இன்று தெரியவில்லை. என்னிடமிருந்து மட்டும் மறைக்கிறாரோ?" அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை.

முதலில் உங்கள் போனைச் சோதியுங்கள். 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பிரைவசி'. அங்கே உங்கள் 'லாஸ்ட் சீன்' நேரத்தை நீங்கள் மறைத்திருந்தால், பிறருடையதும் உங்களுக்குத் தெரியாது. மொய்க் கணக்கு மாதிரிதான், கொடுத்தால்தான் கிடைக்கும்!

உங்கள் பக்கம் சரிதானா? அப்படியானால் நாத்தனார் எல்லோரிடமிருந்துமே மறைத்திருக்கலாம். சிலரை மட்டும் விலக்கியிருக்கலாம். புதுப் போனில் உங்கள் எண்ணைப் பதியாமலும் இருக்கலாம். 'ஆன்லைன்' என்று காட்டுவதை மறைக்கும் வசதிகூட 2022-இல் வந்துவிட்டது. இவற்றுள் எது காரணம் என்று வாட்ஸப் சொல்லவே சொல்லாது.

டிக் அடையாளத்தைப் பார்த்தால்? இரட்டை டிக் என்றால் செய்தி அவர் போனைச் சேர்ந்துவிட்டது, அவ்வளவே. படித்ததைக் காட்டும் நீல நிறத்தையும் நிறுத்திவைக்க முடியுமே! "கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று ஆசை காட்டும் செயலிகளிடம் போகாதீர்கள். உங்கள் அந்தரங்கம்தான் அம்பலத்துக்கு வரும்.

மறைப்பவரெல்லாம் உங்களை வெறுப்பவர் அல்லர். ராத்திரி 11 மணிக்குத் தாம் விழித்திருப்பது மாமியாருக்குத் தெரிய வேண்டாமென்று நாத்தனார் நினைத்திருக்கலாம். "ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டு மனஸ்தாபம் தேடாதீர்கள். "சௌக்கியமா?" என்று கூப்பிட்டுப் பேசுங்கள். போன் வந்ததே அதற்குத்தானே!