முப்பது லீற்றர் கடலும் எங்கட அவசரமும்

"சின்னத் தொட்டி தானே மச்சான். ரெண்டு மீன், ஒரு துண்டு கோரல். என்ன பெரிய வேலை?"

இந்தக் கதையை இந்த வருசம் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டோம். போன வருசம் நாங்களே சொல்லித் திரிந்தோம். அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறோம். கோபத்தில் பாதி எங்கள் மேலேதான்.

நாங்கள் நாலு பேர், மட்டக்களப்பில் ஒரு வாடகை அறை. மகாபொல காசைச் சேர்த்து முப்பது லீற்றர் கண்ணாடித் தொட்டி, ஒரு சின்ன மோட்டர், நீல லைற் எல்லாம் வாங்கினோம். வீடியோக்களில் வருவதுபோல மேசை மேலே ஒரு துண்டுக் கடல் வேணும், அவ்வளவுதான் ஆசை. சனிக்கிழமை கல்லடிக் கடலில் தண்ணி அள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டோம். ஒரு சோடி கோமாளி மீன், மூன்று டாம்செல், ஒரு கிளீனர் ராஸ். அடுத்த ஞாயிறு உயிரோடு இருந்தது ஒரேயொரு டாம்செல்.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். "கடல் மீன் அப்படித்தான் தம்பிமார், பலவீனம்" என்றார். அலையையும் நீரோட்டத்தையும் பெரிய மீன்களின் வாயையும் தப்பி வந்த மீன் பலவீனமாம்! பலவீனமாக இருந்தது எங்கட தொட்டி.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். அதை ஒருவகை பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொருவகை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை வேணும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக்கூடாது. நைதரசன் வட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். அந்த வட்டம் மேசை மேலே இருந்தபோது எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த பொய், 'சின்னது எண்டா இலேசு'. கணக்கைப் பாருங்கள். கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. முப்பது லீற்றர் தொட்டியில் மூன்று லீற்றர் ஆவியானால் தண்ணிதான் போகும், உப்பு அப்படியே நிற்கும். 35 என்பது 39 ஆகிவிடும். அதே மூன்று லீற்றர் முந்நூறு லீற்றர் தொட்டியில் போனால் 35 அரைப் புள்ளிகூட ஏறாது. பெரிய தொட்டி உங்கள் பிழையைப் பொறுக்கும், சின்னத் தொட்டி பொறுக்காது. குறைந்த தண்ணிக்குக் கடல் நீரையே ஊற்றினால் இன்னும் உப்பு கூடும். ஒவ்வொரு நாளும் ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்தமான தண்ணி. இதைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வெக்கையும் அப்படித்தான். முருகைக்கல் 25, 26 பாகையில் சுகமாக இருக்கும். சித்திரை மாத மட்டக்களப்பு அறையில் எங்கட தண்ணி 31 காட்டியது. பேன் போட்டால் தண்ணி குளிரும், ஆனால் இன்னும் வேகமாக ஆவியாகும், உப்பு ஏறும். கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், தண்ணியில் ஒட்சிசன் இறங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது. வெளிநாட்டு வீடியோவில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் வெறும் தொழில்நுட்பக் கதை என்றால் எழுதியிருக்கவே மாட்டோம். அந்த மீன்கள் எங்கிருந்து வந்தன?

இலங்கையில் விற்கிற, ஏற்றுமதியாகிற கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பொரித்தவை இல்லை, கடலில் பிடித்தவை. கல்குடா, திருகோணமலைப் பக்கம் சுழியோடிகள் மூச்சைப் பணயம் வைத்துப் பிடிக்கிறார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டும், கைகால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். முருகைக்கல்லை மூடிப் பிடிக்கிற 'மொக்ஸி' வலை தடைசெய்யப்பட்டது. முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்ப்பதும் குற்றம்தான். ஆனாலும் "உயிர்க்கல் வேணுமா, நேரே கடலிலயிருந்து எடுத்துத் தாறன்" என்று எங்களுக்கே ஒருவர் சொன்னார். கடலை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்களும் ஒரு நிமிசம் யோசித்தோம். அந்த ஒரு நிமிசத்துக்கு இன்னும் வெட்கப்படுகிறோம்.

"அப்ப அந்தச் சுழியோடிகளின்ட சோறு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதை வியாபாரத்தை மூடச்சொல்கிற கதையாக வாசிக்க வேண்டாம். கல்குடாவில் ஒரு சுழியோடி அண்ணனிடம் எங்கட தொட்டிக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஒண்டைச் சாகடிச்சா நான் இன்னொருக்கா இறங்கணும்" என்றார். எங்கள் அவசரம் அவருக்கு உதவி இல்லை. ஒரு கிழமையில் சாகிற மீனுக்கு யாரும் நல்ல விலை கொடுப்பதில்லை. மலிவாக விற்று, சீக்கிரம் சாகடித்து, திரும்ப வாங்கவைக்கிற வியாபாரத்தில் அதிகம் இழப்பது கடலும் அவரும்தான்.

ஆகவே தொட்டி வைக்கப்போகிறவர்களுக்கு எங்கட வேண்டுகோள் இது. ஆறு கிழமை மீன் இல்லாமல் வைத்திருங்கள். கடல் கல் வேண்டாம், துளையுள்ள காய்ந்த கல் போதும், பற்றீரியா தானாக ஏறும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று சோதித்துப் பார்க்காமல் எதையும் விடாதீர்கள். முப்பது லீற்றருக்கு ஒரு சோடி சின்ன மீன் போதும், அதற்கு மேல் வேண்டாம். கோமாளி மீனை வளர்ப்பிலேயே பொரிக்க வைக்கலாம், அப்படிப் பொரித்ததா என்று கேளுங்கள். பதில் இல்லையா, வாங்காமல் வாருங்கள். டாம்செல் மலிவு என்று வாங்காதீர்கள், அது வளர வளர மற்றதைக் கடித்துத் துரத்தும். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணியைத் தின்று வாழ்வது, உங்கள் தொட்டியில் பட்டினிதான் கிடக்கும். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் தொட்டியே வேண்டாம். பாசிக்குடாவுக்குப் பஸ் ஏறுங்கள், கண்ணாடி போட்டு முகத்தைத் தண்ணிக்குள் வையுங்கள், கல்லை மட்டும் மிதிக்காதீர்கள்.

எங்கட தொட்டியில் இப்ப மீன் இல்லை. கடைசி டாம்செல்லும் போய்விட்டது. கல்லும் மணலும் தண்ணியும் மட்டும் இருக்கிறது. அறைக்கு வருகிறவர்கள் "என்ன கா, வெறுந்தொட்டியா?" என்கிறார்கள். ராத்திரி லைற்றை அணைத்துவிட்டு டோர்ச் அடித்துக் காட்டுகிறோம். கண்ணாடியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பூச்சிகள் ஓடித்திரிகின்றன. நாங்கள் காசு கொடுத்து வாங்காதவை, கடல் தண்ணியோடு வந்தவை. ஐந்தாவது கிழமை நடக்கிறது.