தாய்ப்பால்: அறிவுரை தாய்க்கு, பொறுப்பு யாருக்கு?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அமைச்சர்கள் உரையாற்றுகிறார்கள், மருத்துவமனைகளில் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. நீண்ட காலம் தாய்ப்பால் குடித்த குழந்தை பின்னாளில் உடல் பருக்காது, இரத்த அழுத்தத்துக்கு ஆளாகாது என்ற வாக்குறுதியும் இந்தப் பரப்புரைகளில் வருவதுண்டு. இதன் மறுபக்கம் சொல்லாமலே விளங்கும்: பிள்ளை பருமனானால் குற்றவாளி தாய். இந்த வாக்குறுதியை அறிவியல் எந்த அளவுக்குத் தாங்கி நிற்கிறது?

அதன் அடித்தளம் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள். நீண்ட நாள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் பின்னர் மெலிந்தும் குறைந்த இரத்த அழுத்தத்துடனும் இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே நீண்ட நாள் பாலூட்டியவர்கள் யார்? படித்த, வசதியான, விடுப்பு எடுக்க முடிந்த பெண்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் 1991-92இல் பிறந்த குழந்தைகளையும் பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1993இல் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டது. பிரிஸ்டலில் பாலூட்டும் காலம் குடும்ப வசதியுடன் சேர்ந்து உயர்ந்தது; எடை, இரத்த அழுத்தப் பலனும் தென்பட்டது. பெலோட்டாசில் வசதிக்கும் பாலூட்டலுக்கும் அப்படியொரு தொடர்பு இல்லை. அந்தப் பலனையும் காணோம். மருத்துவ ஏடுகள் இதைச் 'சமூகப் பொருளாதாரக் காரணி' என்று எழுதும். நாம் வர்க்கம் என்போம்.

இன்னும் வலுவான சான்று பெலாரசிலிருந்து வந்தது. 1996-97இல் அங்கே 31 மகப்பேறு மருத்துவமனைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் தாய்மாருக்குப் பாலூட்டலில் சிறப்பு ஆதரவு தரப்பட்டது. மறு பிரிவில் வழக்கமான முறையே தொடர்ந்தது. கனடாவின் மைக்கேல் கிரேமர் தலைமையிலான இந்த ஆய்வில் 17,046 தாய்-சேய் இணைகள் பங்கேற்றன. மூன்று மாத வயதில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் ஆதரவுப் பிரிவில் 43.3 சதவீதம், மறு பிரிவில் 6.4 சதவீதம். இவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தும், அக்குழந்தைகளை ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் அளந்தபோது ஆதரவுப் பிரிவினரிடம் பருமனும் குறையவில்லை, இரத்த அழுத்தமும் குறையவில்லை. டெல்லி உள்ளிட்ட ஐந்து நாடுகளின் பிறப்புத் தொகுதிகளை இளம் வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது.

அப்படியானால் தாய்ப்பால் பெரிதல்ல என்று பால்பவுடர் விற்பவர் முடிவு கட்டிவிட வேண்டாம். அதே பெலாரஸ் ஆய்வில், முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்றுக்கு ஆளான குழந்தைகள் ஆதரவுப் பிரிவில் 9.1 சதவீதம், மறு பிரிவில் 13.2 சதவீதம். குடிநீரே நோய் பரப்பும் குடியிருப்புகளில், புட்டியில் கரைக்கும் ஒவ்வொரு கரண்டிப் பவுடரும் வயிற்றுப்போக்கை அழைத்து வரும். தாய்க்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் குறைகிறது. தாய்ப்பாலை ஆதரிக்க இந்தக் காரணங்கள் போதும். நிரூபணமாகாத வாக்குறுதியை அதன் மேல் ஏற்றத் தேவையில்லை.

குழந்தையின் பிற்கால எடை, அது வளரும் வீட்டின் உணவையும் விளையாட இடம் உண்டா இல்லையா என்பதையும் பொறுத்தது. சந்தையும் அதில் கை வைத்திருக்கிறது. இந்தியாவில் விற்கப்பட்ட செரிலாக் வகைகளில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததையும், நெஸ்லே தன் ஐரோப்பியச் சந்தைகளில் அதே வகை உணவைச் சர்க்கரை சேர்க்காமல் விற்றதையும் 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ அமைப்பு வெளிப்படுத்தியது. குழந்தை உணவு விளம்பரத்தைத் தடைசெய்யும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதை அமலாக்கும் மனம்தான் அரசிடம் இல்லை.

பெலாரஸ் குறித்து இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை வேலையை இழக்காமல் விடுப்பில் இருக்கச் சட்டம் இடமளித்த நாடு அது. அங்கே மருத்துவமனையில் தந்த ஆதரவு வீட்டிலும் தொடர முடிந்தது. இங்கே நிலை என்ன? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதமே. மருத்துவமனைக்கு வந்துவிட்ட தாய்க்கே இந்தக் கதி. இதற்கு அவளுடைய அறியாமையைக் காரணம் காட்ட முடியுமா?

2017 சட்டத் திருத்தம் 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே. காப்பகம் வேண்டுமானால் ஐம்பது பேர் இருக்க வேண்டும். செங்கல் சூளையிலும் வயலிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் பெரும்பான்மைப் பெண்களுக்கு இதில் இடமில்லை. அவர்களுக்காக உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயோடு நின்றுகொண்டது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000 ரூபாய் உண்டு. ஆறு மாதக் கூலிக்கு இது எந்த மூலைக்கு?

நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. 'பால்னா' திட்டத்தில் காப்பகத்துடன் கூடிய அங்கன்வாடிகளுக்கு அரசு வைத்த இலக்கு 17,000. அவற்றை நடத்தும் பெண்களுக்கும் மதிப்பூதியம்தான், ஊதியம் இல்லை. வேலைத்தலக் காப்பகம் என்ற கோரிக்கை நம் தொழிற்சங்கத் தீர்மானங்களிலும் கடைசி வரிசையிலேயே நிற்கிறது. அதை இந்த ஆண்டு மாநாடுகளிலேனும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.