டெக்சாஸ் யோசனையும் ஃபௌஜியின் துப்பாக்கியும்

போன பதிவில் எங்கள் கிளைக் காவலரின் ஒற்றைக் குழல் துப்பாக்கியைப் பற்றி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், டெக்சாஸில் இருக்கும் கல்லூரி நண்பன் பிடித்துக்கொண்டு விட்டான். "தோட்டா பழசுன்னா நீங்களே ரீலோட் பண்ணிக்க வேண்டியதுதானேடா? மேலே நல்ல ஆபர்ச்சர் சைட் ஒண்ணு மாட்டு. சல்லிசா முடிஞ்சுது." இதே விஷயத்துக்கு எங்கள் ஏரியா அலுவலகத்து நண்பர் சொன்னது வேறு. "பாங்க் துப்பாக்கி சுடறதுக்கா சார்? காட்டறதுக்கு."

இரண்டு பேருமே தப்பு. இரண்டாமவர் ஆபத்தான தப்பு. முதலில் டெக்சாஸ்காரனைக் கவனித்துவிடுகிறேன்.

அவனிடம் இருப்பது 1874 ஷார்ப்ஸ் ரைஃபிளின் இத்தாலிய நகல். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. பெயர் .45-70. அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட அளவு. 45 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் 45. 70 என்பது 70 கிரெயின் கருமருந்து, நம் கணக்கில் நாலரை கிராம். அந்த ஊரில் இதைத் தானே நிரப்பிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு, சட்டமும் தடுப்பதில்லை. கிரெயின் தராசு, கூடு அளக்கும் கருவி, தடிதடியாய்க் கையேடுகள் எல்லாம் வைத்திருக்கிறான். அந்தக் கையேட்டிலேயே .45-70-க்கு மூன்று தனித்தனி அட்டவணை இருக்கும். பழைய ட்ராப்டோர் துப்பாக்கிக்கு ஒன்று, லீவர் துப்பாக்கிக்கு ஒன்று, ரூகர் நம்பர் ஒன் மாதிரி கெட்டியான புதுசுக்கு ஒன்று. தோட்டா ஒன்றேதான், ஆனால் மூன்றாவது அட்டவணையைப் பார்த்து நிரப்பி முதலாவதில் போட்டால் குழலோடு கையும் போகும். சைட்டும் அப்படித்தான். பின்கட்டையில் நிற்கும் வெர்னியர் ஏணி, அதில் ஊசித்துளை, ஐந்நூறு கஜத்துக்கு இத்தனை கோடு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். கனமான குண்டு மெதுவாய்ப் போகும், வளைந்து விழும், அதனால் அந்த ஏணி வேண்டும். அவன் செய்வதில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். பொறாமைகூட உண்டு :-)

இப்போது பீகாருக்கு வாருங்கள்.

எங்கள் ஃபௌஜி சாப் (பெயர் வேண்டாம், கிளையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) தோளில் மாட்டியிருப்பது ரைஃபிளே இல்லை. பன்னிரண்டு போர். உள்ளே வரிவெட்டு கிடையாது, வழவழக் குழல், விட்டம் பதினெட்டரை மில்லிமீட்டர். அந்தக் குழலுக்குச் சரியான ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு, பெயர் வந்த கதை அவ்வளவுதான். முங்கேரில் செய்தது. மீர் காசிம் 1760-களில் தலைநகரை அங்கே கொண்டுபோய் ஆயுதப் பட்டறை வைத்த நாளிலிருந்து அந்த ஊருக்கு இதே தொழில்.

குழல் நுனியில் ஒரு பித்தளை மணி. இங்கே அதை மக்கீ என்கிறார்கள், அதாவது ஈ. பின்னால் ஒன்றும் கிடையாது. சுடுபவன் கண்தான் பின் சைட். கட்டை கன்னத்தில் சரியாகப் பதிந்தால் கண் தானாக இடத்துக்கு வரும், பதியாவிட்டால் ஊசித்துளை வைத்தும் பிரயோஜனம் இல்லை. அதோடு இது சிதறும் சில்லுக் குண்டு. தோராயமாகக் கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பார்கள். எங்கள் ஹால் நீளம் பத்து கஜம். பத்து அங்குல வட்டம். ஒண்ணாந்தேதி அந்த வட்டத்துக்குள் யார் நிற்பார்கள் தெரியுமா? பென்ஷன் வாங்க வந்த பாட்டிகள். டேய் நண்பா, இங்கே தேவை சைட் இல்லை, எப்போது சுடக்கூடாது என்ற பழக்கம்.

ரீலோடுக்கு வருகிறேன். அதுவும் இங்கே தேடி வந்தது. டவுனிலிருந்து ஒருவர் வந்தார், காலிக் கூட்டில் மருந்து அடைத்துத் தருவாராம், பாதி விலையாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். என்ன மருந்து, எத்தனை எடை என்று கேட்டேன். "அந்தாஸ் ஸே, சாப்" என்றார். கண்மதிப்பாம்! கருமருந்தை அளவுக் கிண்ணத்தால் அளக்கலாம். புகையில்லா மருந்தை அதே கிண்ணத்தால் அளந்தால் பழைய குழல் தாங்காது. ரசத்துக்கு உப்புப் போடுவதா இது?

அதற்கு மேல் இன்னொரு சூட்சுமம். ஃபௌஜியின் குழலில் தேய்ந்த எழுத்தில் இரண்டரை அங்குல அறை என்று இருக்கிறது. இப்போது பெரும்பாலும் கிடைப்பது இரண்டேமுக்கால். மடித்த வாயோடு நீளம் குறைவாக இருப்பதால் சிக்காமல் உள்ளே போய்விடும், போவதால் சரி என்று நினைத்துவிடுவோம். சுட்டதும் மடிப்பு விரிய இடம் இல்லாமல் வழியை நெரிக்கும், அழுத்தம் ஏறும். இதை எனக்குச் சொன்னவர் ஃபௌஜிதான். படையில் எஸ்எல்ஆரும் இன்சாஸும் பிடித்த மனுஷர். இந்தத் துப்பாக்கியை என் மேஜையில் வைக்கும்போது கொஞ்சம் வெட்கப்படுவார்.

காட்டுவதற்குத்தான் என்ற நண்பருக்கு ஒரு விஷயம். போன குளிர்காலத்தில் நான் வற்புறுத்தி, அனுமதி வாங்கி, பயிற்சிக்குப் போனோம். ஐந்து தோட்டா. மூன்று வெடித்தன. இரண்டு 'டிக்'. அந்த இரண்டு முறையும் ஃபௌஜி குழலை மண்மேட்டை நோக்கியே பிடித்தபடி அசையாமல் நின்றார், தாமதமாக வெடிக்கலாம் என்று. அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் நான் நினைத்ததெல்லாம், எதிரே மண்மேட்டுக்குப் பதில் கட்டா பிடித்த ஒருவன் நின்றிருந்தால் என்ன ஆவது என்பதுதான். கொள்ளைக்காரன் முதலில் சுடுவது மேனேஜரை அல்ல, கையில் துப்பாக்கி வைத்திருப்பவரை. வெடிக்காத துப்பாக்கி கொடுத்து ஒருவரை வாசலில் நிறுத்துவது, முதல் குண்டுக்கு ஆள் நிறுத்துவது. அவருக்குக் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

தோட்டா கெட்டதற்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. தோல் பெல்ட்டில் செருகி, கங்கைக்கரை மழைக்காலம் பலவற்றைத் தோளிலேயே கழித்தவை. பிரைமருக்கு ஈரம் ஆகாது. கழற்றி உலர்ந்த டப்பாவில் வைத்து, பழையதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்து, புதிது வாங்கினால் போதும். ஒரு கேமரா மாற்றும் செலவுகூட ஆகாது.

ஆனால் எழுதிக் கேட்டால் பதில் என்ன வரும்? ஆய்வுப் படிவத்தில் துப்பாக்கி: உண்டு. தோட்டா: 10. லைசென்ஸ்: செல்லும். எல்லாம் டிக். (நாங்கள் பார்த்த டிக் வேறு.) நான் பி.காம்., சரக்கிருப்பை அடக்க விலை, தேறும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் காட்டு என்று படித்தவன். பத்து தோட்டாவின் தேறும் மதிப்பு என்ன என்று கேட்க அந்தப் படிவத்தில் பத்தி இல்லை.

பயிற்சிக்குப் பிறகு மிச்சம் ஐந்து. இரண்டரை அங்குலத்தில் புதுசு கேட்டு மூன்றாவது கடிதம் போன செவ்வாய்க்கிழமை போயிருக்கிறது. பெல்ட் இப்போது ஸ்ட்ராங் ரூம் பக்கத்து அலமாரியில், டப்பாவுக்குள். ஃபௌஜி காலையில் ஐந்தையும் எண்ணி எடுத்துக்கொண்டு, மாலையில் ஐந்தையும் எண்ணி என் கையில் கொடுக்கிறார்.