தீப்பொறிக்குத் தலைவிதி கிடையாது



வெல்டிங் வேலையின்போது தீப்பிடித்து ஒருவர் மாண்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் வாயில் இரண்டு சொற்கள் தவறாமல் எழுகின்றன. ஒன்று "விபத்து", மற்றொன்று "விதி". இவ்விரண்டும் பொய் என்பதே இக்கட்டுரையின் வாதம். இரும்பைப் பற்றவைக்கும்போதும், எரிவாயுச் சுடரால் வெட்டும்போதும், கிரைண்டரால் தேய்க்கும்போதும் தீப்பொறி பறக்கும் என்பது உலகறிந்த செய்தி. அது எவ்வளவு தூரம் போகும், எங்கெல்லாம் நுழையும், விழுந்த இடத்தில் எவ்வளவு நேரம் கனன்று கிடக்கும் என்பதெல்லாம் முன்பே ஆராயப்பட்டு விதிகளாக எழுதப்பட்டுவிட்டன. எழுதி வைத்ததை அலட்சியம் செய்ததால் ஓர் உயிர் போகுமானால், அதற்கு விபத்து என்று பெயர் சூட்டுவது தவறிழைத்தவருக்குக் குடை பிடிப்பதேயாகும்.

"நாங்கள் கணினித் துறையில் பணிபுரிகிறோம், காப்பெலில் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், எங்களுக்கும் வெல்டிங்குக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் செப்புக் குழாயைச் சுடரால் இணைக்கும் குழாய்ப் பணியாளர் செய்வது இதே பணிதான். தட்டைக் கூரையில் தார்ச் சுருளைத் தீயால் உருக்கி ஒட்டுபவர் செய்வதும் இதே பணிதான். மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி பொருத்துபவரும், ரோபோப் போட்டிக்காக உங்கள் வீட்டுக் கார்க் கொட்டகையில் கிரைண்டரை இயக்கும் உங்கள் மகனும் மகளும் செய்வதும் இதுவே. விமான நிலையத்தை ஒட்டி நம் ஊரைச் சூழ்ந்து நிற்கும் பெருங்கிடங்குகள் ஒவ்வொன்றும் எவரோ பற்றவைத்த இரும்புச் சட்டங்களின் மேல்தான் நிற்கின்றன. ஆங்கிலத்தில் "ஹாட் வொர்க்" என்று இவை அனைத்துக்கும் ஒரே பெயர். தமிழில் தீப்பொறிப் பணி என்போம்.

விதிமுறை என்ன சொல்கிறது? அது ஒன்றும் மறைபொருள் அன்று. பணி நடக்கும் இடத்திலிருந்து 35 அடி, அதாவது ஏறக்குறைய 11 மீட்டர் சுற்றளவில் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. அகற்ற முடியாதவற்றைத் தீப்பற்றாத விரிப்பால் மூட வேண்டும். தரையிலும் சுவரிலும் உள்ள துளைகளை அடைக்க வேண்டும். தீயணைப்புக் கருவியுடன் ஒருவர் காவல் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. பணி முடிந்த பின்னும் அவர் அவ்விடத்தை விட்டு அகலக்கூடாது. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவின் விதி அதற்குக் குறைந்தது அரை மணி நேரம் என்கிறது. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 51பி நெறிமுறை, 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக உயர்த்தியது. ஏன் இந்தக் காத்திருப்பு? பொறி விழுந்தவுடன் தீ எழுவதில்லை. மரத்தூளிலும், சுவரிடுக்கிலுள்ள பஞ்சுப் பொதியிலும் அது கண்ணில் படாமல் கனன்று, எல்லாரும் கருவிகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய பின்னரே மூண்டெழும்.

இவ்வளவு எளிய விதியை மீறியதன் விலையை வரலாறு பலமுறை எழுதிக் காட்டியிருக்கிறது.

நியூ ஜெர்சியில் வாழும் நம் உறவுகள் நாள்தோறும் காணும் ஹட்சன் ஆற்றிலிருந்தே தொடங்குவோம். 1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க் துறையில், "நார்மண்டி" என்னும் பெரும் பயணிகள் கப்பலைப் படைவீரரை ஏற்றும் கப்பலாக மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. அதன் கூடத்தில் இரும்புத் தூணொன்றை எரிவாயுச் சுடரால் வெட்டினர். அருகிலேயே உயிர்காப்பு மிதவைச் சட்டைகள் கட்டுக் கட்டாகக் குவிந்திருந்தன. அவற்றினுள் இருந்தது நம் ஊர்த் தலையணைகளில் நாம் அடைக்கும் அதே இலவம்பஞ்சு. பொறி பறந்தது, பஞ்சு பற்றியது. அணைக்க இறைத்த நீரின் பாரத்தால் அக்கப்பல் மறுநாளே துறைமுகத்தில் கவிழ்ந்தது. பகைவர் குண்டு ஒன்றும் அதன்மேல் விழவில்லை. பஞ்சுப் பொதிகளை முதலில் அப்புறப்படுத்துங்கள் என்று வேலையை நிறுத்திச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

அடுத்து, தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் சிங்கப்பூர். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்காக நின்ற "ஸ்பைரோஸ்" என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்து, தீப்பற்றும் ஆவி தேங்கியிருந்தது. வெட்டும் சுடரின் பொறி அதை எட்டியது. நீராவியின் இடத்தில் நெருப்பாவி நிறைந்திருப்பதைக் கண்ணால் காண இயலாது. கருவியால் மட்டுமே காண இயலும்.

"அது பழங்கதை, இன்று கருவிகள் உள்ளன" என்பாருக்கு 2010 நவம்பர் 9 விடை சொல்லும். நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரின் டூபாண்ட் ஆலையில் ஒரு தொட்டியின் மேற்பகுதியில் வெல்டிங் நடந்தது. கருவி இருந்தது, சோதனையும் நடந்தது. ஆனால் தொட்டிக்கு வெளியே இருந்த காற்றை மட்டுமே சோதித்தனர். உள்ளே இருந்த காற்றைச் சோதிக்கவில்லை. இணைப்புக் குழாய் வழியாக வேறு தொட்டியிலிருந்து வந்த வினைல் ஃபுளோரைடு ஆவி உள்ளே தேங்கி நின்றது. தொட்டி வெடித்தது, ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். கசப்பான உண்மை என்னவெனில், அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம், தொட்டிகளின் மீது நடந்த இத்தகைய பணிகளால் 1990 முதல் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை எடுத்துக்காட்டி, எரிவாயுச் சோதனையின் இன்றியமையாமையை வலியுறுத்தி அறிக்கை வெளியிட்டிருந்தது. அறிவு இருந்தது, அதை ஆலைக்குள் கொண்டு செல்லும் மனம்தான் இல்லை.

"அவையெல்லாம் ஆலைகள், கப்பல்கள்; குடியிருப்புப் பகுதியில் என்ன நேர்ந்துவிடும்?" என்பாருக்கு 2014 மார்ச் 26 விடை சொல்லும். பாஸ்டன் நகரின் பேக் பே குடியிருப்புப் பகுதியில் ஒரு கட்டடத்துக்கு இரும்புக் கைப்பிடி பொருத்தும் வெல்டிங் வேலை நடந்தது. நகராட்சியின் அனுமதிச் சீட்டு வாங்கப்படவில்லை. பலத்த காற்றில் பொறி அடுத்த வீட்டுக்குள் புகுந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் இருவர் திரும்பி வரவில்லை. ஒரு கைப்பிடி! ஒரு தாள்! இரண்டு உயிர்கள்! அதன் பின்னர்தான் அந்நகரம் இப்பணி செய்வோருக்குப் பயிற்சிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது.

இந்நான்கு நிகழ்வுகளிலும் தவறியது கருவியன்று, கைத்திறனுமன்று. "நிறுத்து" என்ற ஒரு சொல் எங்கும் ஒலிக்கவில்லை. அனுமதிச் சீட்டு என்பதன் உண்மைப் பொருளும் அதுவே. அது கோப்பில் செருகி வைக்கும் தாளன்று. பொறி பறக்கும் முன் ஒருவர் இடத்தைப் பார்த்து, காற்றைச் சோதித்து, "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமே அச்சீட்டு.

அவ்வதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காப்பெலிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணத்தில் டெக்சாசின் ஆரஞ்சு நகரை அடையலாம். 2005ஆம் ஆண்டின் காத்ரீனா புயலுக்குப் பின்னர், அங்கும் மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் இருந்த சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் பட்டறைகளுக்கு இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 500 வெல்டர்களும் குழாய்ப் பொருத்துநர்களும் எச்-2பி விசாவில் கொண்டுவரப்பட்டனர். பச்சை அட்டை கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி ஒவ்வொருவரும் பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் கடன்பட்டுக் கொடுத்தனர். வந்தவர்களை ஒரே டிரெய்லர் குடியிருப்பில் 24 பேர் வரை அடைத்து, அதற்கு மாதம் 1,050 டாலர் கூலியிலிருந்து பிடித்தனர். 2008 மார்ச்சில் பாஸ்ககூலாவில் தொழிலாளர் வெளிநடப்புச் செய்தனர். வாஷிங்டனில் உண்ணாநோன்பும் இருந்தனர். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு ஐந்து தொழிலாளருக்கு 14 மில்லியன் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறுவனம் திவாலாகி, மற்ற வழக்குகளைத் தீர்க்க 20 மில்லியன் டாலருக்கு உடன்பட்டது.

அவ்வழக்கு தீயைப் பற்றியதன்று. ஏமாற்றையும் வற்புறுத்தலையும் பற்றியது. ஆயினும் சிந்தியுங்கள். ஊரில் வீட்டை அடகு வைத்துவிட்டு, ஒரே முதலாளியோடு விசாவால் பிணைக்கப்பட்டு நிற்கும் ஒருவர், "இத்தொட்டியைச் சோதிக்காமல் நான் சுடரைப் பற்றவைக்க மாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? வேலையை மறுத்தால் விமானம். விமானம் ஏறினால் கடன்காரர். கையுறையும் முகக் கவசமும் கொடுத்துவிட்டு மறுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டால், அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா?

டெக்சாசுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. இங்கே தனியார் நிறுவனங்கள் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பது கட்டாயமன்று. உங்கள் கூரையில் ஏறி நிற்கும் மனிதருக்கு அக்காப்பீடு இல்லாமலே இருக்கலாம். மூன்று மதிப்பீடுகள் வாங்கி, மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்ததாக நாம் பெருமை கொள்கிறோமே, அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? பெரும்பாலும் அது காவல் நிற்க வேண்டிய ஓர் ஆளின் கூலியிலிருந்தும், காத்திருக்க வேண்டிய ஒரு மணி நேரத்திலிருந்தும் வெட்டப்பட்டதே.

"இருபது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். ஒன்றும் ஆகாத இருபது ஆண்டுகள் பாதுகாப்புக்குச் சான்றாகா. அவை நற்பேற்றுக்கு மட்டுமே சான்று. "நேரம் வீணாகிறது" என்பார். வீணாவது ஒரு மணி நேரம். எரிவது ஒரு வீடு.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை என்ன?

பெற்றோரே! வீட்டிலோ, நீங்கள் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கும் சங்கக் கூடத்திலோ, கோயிலிலோ தீப்பொறிப் பணி நடக்குமானால், விலையைக் கேட்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நகராட்சியின் அனுமதி தேவையா, தேவையெனில் வாங்கியாயிற்றா? தீக்காவலுக்கு நிற்பவர் யார்? பணி முடிந்த பின் அவர் எவ்வளவு நேரம் இருப்பார்? தொழிலாளருக்கு இழப்பீட்டுக் காப்பீடு உண்டா? இந்நான்குக்கும் ஆகும் செலவை மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி, மனமுவந்து கொடுங்கள்.

கணினித் துறையினரே! ஆலைகளின் பராமரிப்பு அட்டவணை மென்பொருளை எழுதுபவர்கள் நம்மில் பலர். எரிவாயுச் சோதனையின் அளவை எழுதாமலே அனுமதிச் சீட்டை அச்சிட்டுத் தரும் ஒரு நிரலை நீங்கள் எழுதினால், அந்தச் சுடரைப் பற்றவைத்த கைகளில் உங்கள் கையும் ஒன்று.

இளைஞரே! கைத்தொழில் தாழ்ந்ததன்று; அதைக் கற்க விரும்பினால் தயங்காதீர்கள். ஆனால் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்தியோ தோலோ அணியுங்கள். வெயில் கண்ணாடி வெல்டிங் ஒளியைத் தடுக்காது. அதற்குரிய கவசமின்றிப் பார்த்தால், சில மணி நேரம் கழித்து மணல் கொட்டியதுபோல் கண் எரியும். பெட்ரோல் கலனும் காரும் நிற்கும் கொட்டகையில் கிரைண்டரை இயக்காதீர்கள். எண்ணெயோ இரசாயனமோ இருந்த வெறும் பீப்பாயை வெட்டவே வெட்டாதீர்கள். நிறைந்த பீப்பாயைவிட ஆவி நிறைந்த வெறும் பீப்பாய் கொடியது.

நம் மொழி பேசும் தொழிலாளர் எவரேனும் இங்குள்ள பட்டறைகளில் பணியாற்றுவதை அறிந்தால், அவர்களிடம் ஒன்றைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். ஆபத்தான பணியைப் பற்றி ஓஷாவிடம் முறையிடத் தொழிலாளருக்கு உரிமை உண்டு. முறையிட்டவரைப் பழிவாங்குவதை 1970ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பழிவாங்கப்பட்டால் 30 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். இதை அறிந்த ஒருவரின் தோளருகே நாமும் நின்றால், "நிறுத்து" என்ற சொல் அவர் நாவில் எழும்.

விசா வரிசைக்காகவும் பச்சை அட்டைக்காகவும் குரல் எழுப்ப நமக்குத் தெரியும். அதே நாட்டிலிருந்து, அதே வானூர்தியில், வேறு விசாவில் வந்து நெருப்பருகே நிற்பவருக்காகவும் நம் குரல் எழட்டும். அடுத்த முறை ஒருவர் "விதி" என்றால், "எந்த விதி மீறப்பட்டது?" என்று திருப்பிக் கேளுங்கள்.