காது கேளாத குழந்தைக்கு எந்திரம் பாடம் சொல்லுமா?

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. நெசவுக்குப் பேர்போன வட்டாரம். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. பள்ளியில் பாடம் தமிழ். காது கேட்கும் பிள்ளைகள் இரண்டையும் தெருவில் விளையாடும்போதே கற்றுக்கொள்கிறார்கள். காது கேளாத பிள்ளைக்கு இரண்டுமே எட்டுவதில்லை.

அந்தப் பிள்ளைக்கும் இன்று செல்போனில், டெலிவிஷனில் பாடம் வருகிறது. அதைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா?

ஸ்கின்னர் செய்த எந்திரம்

பாடம் சொல்லும் எந்திரம் புதிது அல்ல. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் 1954-ம் ஆண்டிலேயே அதைச் செய்து காட்டினார்.

எந்திரம் ஒரு சின்னக் கேள்வி கேட்கும். மாணவன் விடை கொடுப்பான். அது சரியா, தவறா என்று உடனே தெரியும். பிறகு அடுத்த கேள்வி. தறியில் இழை இழையாகத் துணி வளர்வதுபோலப் பாடம் வளரும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையை எந்திரம் திட்டாது, அவசரப்படுத்தாது.

இதற்குக் கண்ணும் கையும் போதும். ஆகவே 1960-களில் அமெரிக்காவில் காது கேளாத குழந்தைகளுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்.

எங்கே சிக்கல்?

எந்திரம் கேட்பதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டுமே! "பசு" என்று எழுதப் படிக்கும் முன்பே, காது கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும். காது கேளாத பிள்ளைக்கோ எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. அதனால்தான் அமெரிக்காவில் "லைஃப்" என்ற திட்டத்தில் படச்சுருள்களைக் காட்டி மொழியைக் கற்பித்தார்கள்.

இந்தியாவில் சைகை மொழி இந்தக் குறையைத் தீர்க்க வந்திருக்கிறது. 10 ஆயிரம் சொற்கள் கொண்ட இந்திய சைகை மொழி அகராதி 2021-ல் வெளியானது. 2024 டிசம்பரில், "பி.எம். இ-வித்யா" வரிசையில் சைகை மொழிக்கென்றே 31-ம் எண் சேனல் தொடங்கப்பட்டது. காது கேளாதோருக்கு ஏற்ற மொழியில், ஏற்ற முறையில் கல்வி தரவேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் சொல்கிறது.

பெற்றோர் செய்யவேண்டியது

ஆனால் வீட்டில் யாருக்கும் சைகை தெரியாவிட்டால், டெலிவிஷனில் தெரிவது வெறும் கை அசைவுதான். பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கும்?

குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லையா? "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். தகுதியுள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதுக் கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்யப்படுகிறது. அதற்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி தேவை.

கருவி பொருத்தினாலும் பொருத்தாவிட்டாலும், வீட்டார் சைகை கற்றுக்கொண்டால் நஷ்டம் இல்லை. தெலுங்கு பேசும் வீட்டுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அதுவே பொதுப்பாலம் ஆகலாம்.

எந்திரம் ஒரே பாடத்தை நூறு தடவை சலிக்காமல் சொல்லும். ஆனால் "அம்மா" என்ற சொல்லுக்குப் பொருளை அம்மாதான் சொல்லித்தர முடியும்!